“பள்ளிக்கு நிதி ஒதுக்கீடு” என்றால் பணம் வந்துவிட்டது என்று பொருளா?

காலையில் ஒரு செய்தி: பள்ளிக் கல்விக்குப் பல ஆயிரம் கோடி ஒதுக்கீடு. மாலையில் இன்னொன்று: பள்ளிகளுக்கு நிதி வரவில்லை. இரண்டையும் ஒரே நாளில் படிப்பவர் யாரோ ஒருவர் பொய் சொல்வதாகத்தான் நினைப்பார். பெரும்பாலும் இரண்டுமே உண்மை. ஒன்று ஒரு பணத்தைப் பற்றியது, மற்றது வேறொரு பணத்தைப் பற்றியது. அல்லது ஒரே பணத்தின் இரண்டு வெவ்வேறு கட்டங்களைப் பற்றியது. தொலைக்காட்சி விவாதங்களில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. தமிழ்நாட்டில் ஒரு பள்ளிக்குப் பொதுப்பணம் எந்த வழியாக, எந்த நிபந்தனையோடு வந்து சேர்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எந்தப் பள்ளிக்கு யார் பொறுப்பு?

முதல் குழப்பம் பெயர்ப்பலகையிலேயே தொடங்குகிறது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, தனியார் பள்ளி ஆகியவை மூன்று தனித்தனி வகைகள்.

அரசுப் பள்ளியில் கட்டடம், ஆசிரியர், சம்பளம் எல்லாம் அரசின் பொறுப்பு. அதற்குள்ளும் கிளைகள் உண்டு. பெரும்பாலானவை பள்ளிக் கல்வித் துறையின் கீழ் இருந்தாலும் மாநகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் ஆகியவற்றுக்கு நிர்வாகம் வேறு.

அரசு உதவிபெறும் பள்ளியை நடத்துவது ஓர் அறக்கட்டளையோ சபையோ சங்கமோ ஆக இருக்கும். இடமும் கட்டடமும் நிர்வாகத்துக்குச் சொந்தம். ஒப்புதல் பெற்ற பணியிடங்களுக்கான சம்பளத்தை அரசு தருகிறது. ஆசிரியரை நியமிப்பவர் தாளாளர் அல்லது செயலர். அந்த நியமனத்துக்குக் கல்வி அலுவலர் ஒப்புதல் தந்த பிறகே அரசுச் சம்பளம் வரத் தொடங்கும். நிர்வாகம் நியமித்து, ஒப்புதல் வராமல், ஆண்டுக்கணக்கில் சம்பளம் இல்லாமல் காத்திருக்கும் ஆசிரியர்களைப் பற்றிய வழக்குகள் பல இந்த இடைவெளியில் பிறந்தவைதான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரே வளாகத்தில் உதவிபெறும் வகுப்புகளும் சுயநிதி வகுப்புகளும் சேர்ந்தே இயங்கலாம். “உதவிபெறும் பள்ளி என்கிறார்கள், கட்டணமும் வாங்குகிறார்களே” என்று பெற்றோர் கோபப்படுவதற்குப் பல இடங்களில் இதுவே காரணம். பிள்ளை எந்தப் பிரிவில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதைச் சேர்க்கையின்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த வகைப்பாடு ஏட்டோடு நின்றுவிடுவதும் இல்லை. 2020-இல் வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டுமே உரியது. உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு இல்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளில் தொடங்கி, 2024-இல்தான் ஊரகப் பகுதிகளின் உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்தது. நகர்ப்புறத்துக்கு வர 2025 ஆகிவிட்டது. “அரசு அறிவித்துவிட்டது, எங்கள் பள்ளிக்கு ஏன் வரவில்லை?” என்ற கேள்விக்கு, பாதி நேரம், பள்ளி எந்த வகை என்பதே பதில்.

சுருக்கமாக: பொதுப்பணத்தில் நடப்பவை எல்லாம் ஒரே வகைப் பள்ளிகள் இல்லை. ஓர் அறிவிப்பைப் பார்த்ததும் முதலில் தேட வேண்டியது, அது எந்த வகைப் பள்ளிக்கு உரியது என்பதை.

இரண்டு கைகளிலிருந்து வரும் பணம்

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் வருகிறது. அதை அரிசிக்கும் வாடகைக்கும் மருந்துக்கும் தங்கள் விருப்பப்படி பிரித்துக்கொள்கிறார்கள். வெளியூரில் இருக்கும் அண்ணனும் பணம் அனுப்புகிறார். ஆனால் அதில் ஒரு சீட்டு இருக்கிறது: “இது கிணறு வெட்ட மட்டும். நான் 60 ரூபாய் போட்டால் நீ 40 போட வேண்டும். முதல் தவணைக்குக் கணக்குக் காட்டினால்தான் அடுத்த தவணை.” வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் கிணற்றுப் பணத்தை மருந்துக்கு எடுக்க முடியாது.

மாநில அரசின் சொந்த நிதி அந்தச் சம்பளத்தைப் போன்றது. ஒன்றிய அரசின் திட்ட நிதி அண்ணன் அனுப்பும் பணத்தைப் போன்றது. அண்ணன் கையில் இருப்பதும் இந்த வீட்டிலிருந்து போன வரிதானே என்ற வாதம் இருக்கிறது. அது நியாயமான வாதம்; கீழே அதற்கு வருகிறேன்.

பள்ளிக் கல்வியில் பெரும்பகுதிச் செலவு மாநிலத்தின் கையிலிருந்தே போகிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்குத் தமிழ்நாடு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். இவ்வளவு பெரிய தொகையைக் கேட்டதும், பள்ளிக்குப் பள்ளி புதுக் கட்டடம் எழும் என்று தோன்றும். ஆனால் இதில் பெரும்பங்கு ஆசிரியர்கள், அலுவலர்களின் சம்பளத்துக்கே போய்விடுகிறது. அதில் தவறும் இல்லை. பள்ளிக்கூடம் என்பதே முதலில் ஆசிரியர்தான்.

திட்ட நிதியின் முக்கிய வாய்க்கால் ‘சமக்ர சிக்ஷா’. தமிழ்நாட்டில் இதை ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்கிறார்கள். முன்பிருந்த அனைவருக்கும் கல்வித் திட்டம், இடைநிலைக் கல்வித் திட்டம், ஆசிரியர் கல்வித் திட்டம் ஆகிய மூன்றையும் சேர்த்து 2018-19-இல் உருவானது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் செலவு 60:40 என்று பகிரப்படுகிறது. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு இது 90:10. பள்ளி மானியம், ஆசிரியர் பயிற்சி, வட்டார வள மையங்கள் (வட்டார அளவில் இந்தத் திட்டத்தை நடத்தும் அலுவலகங்கள்), மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்கள் எனப் பல செலவுகள் இதன் வழியே போகின்றன. மாநிலத்தின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் தொகை சிறியது. ஆனால் சம்பளம் போக மிஞ்சும் இடத்தில், வகுப்பறையில் கண்ணுக்குத் தெரியும் பல காரியங்கள் இந்தச் சிறிய தொகையை நம்பியே இருக்கின்றன. அது நின்றால் உடனே வலிப்பது அதனால்தான்.

இவை தவிரத் தனித்தனி வாய்க்கால்களும் உண்டு. மதிய உணவைத் தமிழ்நாட்டில் நடத்துவது சமூக நலத்துறை. கட்டடங்களுக்குப் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், நபார்டு வங்கிக் கடன் போன்றவை. பள்ளிச் சுவர் இடிந்து கிடப்பதையும் ஆசிரியர் பணியிடம் காலியாக இருப்பதையும் ஒரே அலுவலகத்தில் முறையிட்டால் ஒன்று நிச்சயம் தேங்கும்.

வரி கட்டுவது நாம், பிறகு ஏன் நிபந்தனை?

இப்போது அண்ணன் வாதத்துக்கு வருவோம். கல்வி முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976-இன் 42-ஆவது அரசமைப்புத் திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதாவது ஒன்றியம், மாநிலம் இரண்டுமே சட்டம் இயற்றலாம். நிபந்தனைகள் நுழைந்த வாசல்களில் அது முக்கியமானது.

ஒன்றியம் வசூலிக்கும் வரிகளில் ஒரு பகுதி மாநிலங்களுக்குத் திரும்பி வருகிறது. ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் இடையே வரியைப் பிரிக்கப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழுவின் கணக்கில் (2021-26) அது 41 சதவீதம். அதில் தமிழ்நாட்டின் பங்கு சுமார் 4.08 சதவீதம். இந்தப் பணத்துக்குச் சீட்டு எதுவும் இல்லை. மாநிலம் விரும்பியபடி செலவிடலாம். இதற்கு வரிப் பகிர்வு என்று பெயர்.

ஆனால் ‘செஸ்’ எனப்படும் மேல்வரி இந்தப் பகிர்வுக் கணக்கில் சேராது. வருமான வரியின் மேல் 4 சதவீதம் சுகாதார, கல்வி மேல்வரி கட்டுகிறோம். அது முழுக்க ஒன்றியத்தின் கையில் இருக்கிறது. அங்கிருந்து கல்விக்கான பகுதி திட்டங்களின் வடிவில், நிபந்தனைகளோடு வெளியே வருகிறது. “கல்வி வரி கட்டுகிறேன், என் ஊர்ப் பள்ளிக்கு நேராகப் போகும்” என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சுற்றுவழி தெரிந்திருக்க வேண்டும்.

ஒதுக்கீட்டிலிருந்து செலவு வரை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். பொதுப்பணம் நான்கு படிகளில் இறங்குகிறது.

ஒதுக்கீடு: நிதிநிலை அறிக்கையில் ஒரு தொகை எழுதப்படுகிறது. சட்டமன்றம் துறைவாரியான மானியக் கோரிக்கையை நிறைவேற்றுகிறது. இது செலவழிக்க அனுமதி. இந்தக் கட்டத்தில் ஒரு ரூபாய்கூடப் பள்ளிக்குப் போயிருக்காது.

ஒப்புதல்: திட்ட நிதி என்றால் மாநிலம் ஆண்டு வேலைத் திட்டத்தைத் தயாரித்து டெல்லியில் திட்ட ஒப்புதல் வாரியத்தின் முன் வைக்கும். இத்தனை பள்ளிக்கு இவ்வளவு, இந்தப் பயிற்சிக்கு இவ்வளவு என்று வரிவரியாகப் பேசி முடிப்பார்கள். கேட்டது ஒன்று, ஒப்புக்கொண்டது ஒன்று என்பது இங்கே சாதாரணம்.

விடுவிப்பு: ஒப்புக்கொண்ட தொகை உண்மையிலேயே கைமாறுவது. இது தவணை தவணையாக நடக்கும். 2021-இல் வந்த நடைமுறைப்படி ஒன்றியம் தன் ஆண்டுப் பங்கில் ஒரே நேரத்தில் 25 சதவீதத்துக்கு மேல் விடுவிப்பதில்லை. ஏற்கெனவே வந்ததில் 75 சதவீதம் செலவான பிறகே அடுத்தது. மாநிலமும் தன் பங்கைச் சேர்த்து ஒரே திட்டக் கணக்கில் போட வேண்டும். கீழே உள்ள அலுவலகங்களும் பள்ளிகளும் இருப்பு இல்லாத கணக்குகளின் வழியே, தங்களுக்கான வரம்புக்குள், அந்த ஒரே கணக்கிலிருந்து எடுத்துச் செலவிடும்.

செலவு: பணம் பொருளாகவோ வேலையாகவோ சம்பளமாகவோ மாறி, அதற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுப்பது. வந்த பணத்தை எதற்குச் செலவிட்டோம் என்று எழுத்தில் உறுதி சொல்வதே பயன்பாட்டுச் சான்றிதழ். இது மேலே போகாவிட்டால் அடுத்த தவணை கீழே வராது. எங்கோ சில அலுவலகங்கள் கணக்கை முடிக்காமல் வைத்திருந்தால், ஒழுங்காகச் செலவு செய்த பள்ளியும் சேர்ந்து காத்திருக்க நேரிடும். இந்த முறையின் மிக அநியாயமான பகுதி என்று எனக்குத் தோன்றுவது இதுதான்.

அண்மைக்காலத்தில் இந்தப் படிகளை எல்லோருக்கும் காட்டிய நிகழ்வு, 2024-25-இன் சமக்ர சிக்ஷா நிதி. தமிழ்நாட்டுக்கு அந்த ஆண்டுக்கு ஒப்புதலான மொத்தம் சுமார் 3,586 கோடி ரூபாய். அதில் ஒன்றியத்தின் 60 சதவீதப் பங்கு சுமார் 2,152 கோடி. ஒப்புதல் இருந்தது, விடுவிப்பு நடக்கவில்லை. ஒன்றிய அரசின் முன்மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீ-யிலும் அதன் வழியே தேசியக் கல்விக் கொள்கை 2020-இலும் கையெழுத்திடாததற்காக நிதியை நிறுத்துகிறார்கள் என்றது மாநில அரசு. சமக்ர சிக்ஷாவே அந்தக் கொள்கையோடு இணைக்கப்பட்ட திட்டம், எனவே ஏற்பது கட்டாயம் என்றது ஒன்றியத் தரப்பு. 2025 மே மாதத்தில் தமிழ்நாடு ஒன்றிய, மாநிலத் தகராறுகளுக்கான அரசமைப்பின் 131-ஆவது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது.

இங்கே பலர் தவறவிட்ட ஒரு பக்க விளைவு உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்கள் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு. அவர்களுக்கான கட்டணத்தை அரசு திருப்பித் தரும். அந்தத் தொகையின் ஒரு பகுதியும் இதே சமக்ர சிக்ஷா வாய்க்காலில்தான் வருகிறது. வாய்க்கால் அடைத்ததும், 2025-26-இல் அந்தச் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது. அரசுப் பள்ளி நிதித் தகராறு என்று பலர் நினைத்தது, தனியார் பள்ளி வாசலில் நின்ற குழந்தைகளையும் தொட்டது.

சுருக்கமாக: “ஒதுக்கினோம்” என்பவரும் “வரவில்லை” என்பவரும் வெவ்வேறு படிகளில் நின்று பேசுகிறார்கள். எந்தப் படி என்று கேட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

தலைக்கணக்கு

பள்ளிக்கு எவ்வளவு பணம், எத்தனை ஆசிரியர் என்பதை நிர்ணயிப்பது மாணவர் எண்ணிக்கை. எந்த நாளின் எண்ணிக்கை என்பது முக்கியம்.

ஆசிரியர் பணியிடங்களுக்கு ஆகஸ்ட் 1 நிலவரம் பார்க்கப்படுகிறது. இதைப் பணியாளர் நிர்ணயம் என்பார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர். ஆகவே அறுபத்தோராவது குழந்தை சேர்ந்தால் ஓர் ஆசிரியருக்கு இடம் பிறக்கிறது. அந்தக் குழந்தை விலகினால் ஓர் ஆசிரியர் ‘உபரி’ ஆகி, பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போக நேரிடலாம். ஜூன் மாதத்தில் ஆசிரியர்கள் வீடுவீடாகச் சேர்க்கைக்கு நடப்பதன் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

பள்ளி மானியத்துக்கு யு-டைஸ் தரவு அடிப்படை. நாடு முழுவதும் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் கொடுத்து, ஆண்டுதோறும் மாணவர், ஆசிரியர், கழிப்பறை, குடிநீர் வரை பதிவு செய்யும் தரவுத்தளம் அது. செப்டம்பர் 30 அதன் அடிப்படை நாள். தமிழ்நாட்டுக்கென்று ‘எமிஸ்’ என்ற தனித் தளமும் இருக்கிறது. இரண்டிலும் எண்கள் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகத் தலைமையாசிரியர்கள் படும் பாட்டைச் சொல்லி மாளாது.

திட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, அரசுப் பள்ளிகளுக்கான ஆண்டு மானியத்தின் அளவு இது. 30 மாணவர் வரை 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. 251 முதல் 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிகளுக்குப் போக வேண்டும். படிக்கட்டின் விளிம்பைக் கவனியுங்கள்: 100 குழந்தைகள் உள்ள பள்ளிக்கு 25,000, 101 என்றால் அதன் இருமடங்கு. 260 பேர் படிக்கும் பள்ளிக்கும் 990 பேர் படிக்கும் பள்ளிக்கும் ஒரே தொகை. மின்விளக்கு, சாக்பீஸ், குழாய்ப் பழுது, சிறு பராமரிப்பு எல்லாம் இந்தத் தொகைக்குள். பெரிய பள்ளியின் தலைமையாசிரியர் கையைப் பிசைவதில் வியப்பில்லை. இதுவும் பெரும்பாலும் ஒரே தவணையில் வருவதில்லை.

டிசம்பரில் சேரும் குழந்தை அந்த ஆண்டின் இந்த இரண்டு கணக்குகளிலும் ஏறுவதில்லை. பள்ளி அதைச் சேர்த்துக்கொள்ளும், சேர்த்துக்கொள்ளவும் வேண்டும். அதற்கான காசும் ஆசிரியரும் அடுத்த ஆண்டுதான்.

எது ஆணை, எது அறிவிப்பு?

நிதி எவ்வளவு முக்கியமோ, அதை நகர்த்தும் தாளும் அவ்வளவு முக்கியம். அமைச்சரின் பேட்டியோ சட்டமன்ற அறிவிப்போ தன்னால் எதையும் நகர்த்தாது. அதன் பிறகு துறைச் செயலரிடமிருந்து அரசாணை வர வேண்டும். கொள்கை முடிவும் நிதி அனுமதியும் அதில் இருக்கும். அதை நடைமுறைப்படுத்த இயக்குநர் அனுப்புவது ‘செயல்முறைகள்’. அதைப் பின்பற்றி முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், வட்டாரக் கல்வி அலுவலர் என்று படிப்படியாகக் கடிதம் இறங்கும்.

கைப்பேசியில் சுற்றும் தாளைப் பார்த்தால் நான்கு இடங்களைப் பாருங்கள்: யார் அனுப்பியது, எண், நாள், ‘பார்வை’ என்ற பகுதி. பார்வையில் முந்தைய ஆணைகளின் எண்கள் இருக்கும். இந்தத் தாள் எதைத் தொடர்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும். நாள் வெட்டப்பட்ட படம் வந்தால் சந்தேகப்படுங்கள். இரண்டு ஆண்டுக்கு முந்தைய விடுமுறைச் சுற்றறிக்கை இந்த ஆண்டு மழையில் மறுபிறவி எடுப்பது இப்படித்தான்.

இன்னொரு தாளும் அடிக்கடி காதில் விழும்: ஊதியக் கொடுப்பாணை. சில பணியிடங்கள் தற்காலிகமாகவே ஒப்பளிக்கப்பட்டவை. ஆண்டுகள் பல ஆனாலும் அவற்றுக்கு அவ்வப்போது நீட்டிப்பு ஆணை தேவை. அது தாமதமாகும் இடைவெளியில் கருவூலம் சம்பளப் பட்டியலை ஏற்பதற்கு இந்தக் கொடுப்பாணை வேண்டும். “அரசிடம் பணமில்லை, அதனால் சம்பளம் வரவில்லை” என்று பேசப்படும் சில நிகழ்வுகளில் பணம் இருந்திருக்கும்; தாள்தான் வந்திருக்காது.

பெற்றோர் எங்கே நுழையலாம்?

பள்ளி மேலாண்மைக் குழு என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு உருவாக்கிய அமைப்பு. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-இல் 20 பேர் கொண்டதாக மறுகட்டமைக்கப்பட்டது. 2024-இல் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து 24 ஆனது. பெற்றோர் ஆசிரியர் கழகம் இதிலிருந்து வேறான, பழைய அமைப்பு. இரண்டையும் ஒன்றெனக் கருதி, ஒன்றின் தீர்மானத்தை மற்றதன் ஏட்டில் தேடுபவர்கள் உண்டு.

பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எழுதுவதும் வந்த மானியத்தின் செலவைக் கண்காணிப்பதும் இந்தக் குழுவின் வேலை. கூட்டத்தில் “பள்ளிக்கு ஏன் எதுவும் செய்யவில்லை?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். இந்த ஆண்டு யு-டைஸில் பதிவான மாணவர் எத்தனை, அதற்கு உரிய மானியம் எவ்வளவு, இதுவரை எத்தனை தவணை வந்தது, எதற்குச் செலவானது, பயன்பாட்டுச் சான்றிதழ் எந்த நாளில் அனுப்பப்பட்டது என்று கேட்டால் தலைமையாசிரியர் ஏட்டைத் திறந்து காட்ட முடியும். பெரும்பாலானவர்கள் காட்டவும் செய்வார்கள். பணம் வராத குறையைத் தாங்கள் மட்டும் சுமக்க வேண்டியதில்லை என்பதில் அவர்களுக்கும் ஓர் ஆறுதல் இருக்கிறது. தவணை வரவில்லை என்று தெரிந்தால், குழுவின் தீர்மானமாக அதை எழுதி வட்டார வள மையத்துக்கு அனுப்பலாம்.